பச்சை ஒட்டாத ஓரம்

ஜூன் 14

காலையிலேயே எரிச்சல். பாராஃபார்மால்டிஹைடு பவுடர் டப்பா காலி. காலி டப்பாவை அலமாரியில் பத்திரமாகத் திருப்பி வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஆர்டர் போட்டு ஒரு மாதமாகிறது. கேட்டால் ஃபைல் கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். பக்கத்து லேபில் கொஞ்சம் கடன் வாங்கலாம் என்று போனால் அங்கே பூட்டு.

எலிகளுக்கு இதெல்லாம் புரியுமா? ஃபுளோரைடு தண்ணீர் குடித்துவந்த எலிகளுக்கு இன்றோடு கெடு முடிகிறது. இன்றைக்கே தாடையை எடுத்தாக வேண்டும். எடுத்த உடனே ஏதாவது ஒரு திரவத்தில் போட்டுப் பதப்படுத்தாவிட்டால் அழுகிவிடும். சாதாரணத் தண்ணீர் குடித்த எலிகளின் தாடைகளைப் போன வாரமே முறைப்படி அந்தப் பவுடரைக் கரைத்த ஃபார்மால்டிஹைடில் போட்டு முடித்தாயிற்று. அப்போது பவுடர் இருந்தது. இன்று ஃபிரிட்ஜில் இருந்தது மெத்தனால்தான். இந்தத் தாடைகளில் டியூபுலின் என்ற புரதத்தை மட்டும்தானே பார்க்கப் போகிறேன், அதற்கு மெத்தனால் தாராளம். போட்டேன். குப்பிகளில் எலியின் எண்ணை எழுதி ஒட்டிவிட்டு, கோயம்பேட்டுக்கு ஓடி தருமபுரி பஸ்ஸைப் பிடித்தேன். இதை பஸ்ஸில்தான் எழுதுகிறேன், கையெழுத்து கோணல்.

நாளைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா போனில் சொன்னதையே சொல்கிறாள். "சிரிக்காம இரு கண்ணு. கேட்டதுக்கு மட்டும் வாயத் திற."

ஒரு வேடிக்கை. எலிக்கு நல்ல பல் என்றால் மஞ்சள் பல். ஃபுளோரைடு குடித்த எலிக்குத்தான் பல் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பாகிறது. நான் எலியாகப் பிறந்து இதே பல்லோடு இருந்திருந்தால் பென்னாகரம் வட்டாரத்தில் என்னைவிட அழகி கிடையாது.

ஜூன் 16

மாப்பிள்ளை ஒன்றும் மோசமில்லை. ஏதோ கூட்டுறவு சங்கத்தில் வேலை. என்ன படிக்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். பல்லின் எனாமல் எப்படி உருவாகிறது என்று பிஎச்.டி. செய்கிறேன் என்றேன். அதற்குமேல் அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தார்.

கூட வந்த அத்தை ஒருத்தி, கை கழுவப் போகிற சாக்கில் அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டாள். தெருவுக்கே கேட்டது. "பொண்ணு சுத்தபத்தமா இருக்குமுங்களா? பல்லப் பாத்தா அப்படித் தெரியலியே."

அம்மா தட்டில் மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்து உள்ளே வைத்தாள்.

எனக்கு ஏழு வயதில் முன்பற்கள் முளைத்தபோதே பழுப்புத் திட்டோடுதான் முளைத்தன. அம்மா செங்கலை இடித்துச் சலித்துத் தினமும் தேய்த்துவிடுவாள். கரி, உப்பு, எலுமிச்சம்பழம் எல்லாம் பார்த்தாயிற்று. ரத்தம் வரும். இன்னும் அழுத்தித் தேய் என்பாள். நான் சோம்பேறி, நான் தேய்ப்பதில்லை, அதனால்தான் இப்படி என்று அவள் நினைத்தாள். அவள் சரியாக வளர்க்கவில்லை என்று ஊர் நினைத்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி யாரும் எதுவும் நினைக்கவில்லை.

பல் ஈறுக்குள் புதைந்து கிடக்கும்போதே வேலை முடிந்துவிடுகிறது. எனாமல் செல்கள் தினம் கொஞ்சமாக எனாமலைப் போட்டுக்கொண்டே பின்னுக்கு நகரும். அன்றன்றைக்குப் போட்டதற்கு ஒரு கோடு விழும். நுண்ணோக்கியில் பார்த்தால் யாரோ நாட்குறிப்பு எழுதி வைத்த மாதிரி இருக்கும். பல் வெளியே வருவதற்குள் அந்தச் செல்கள் அத்தனையும் செத்துப்போகும். பிறகு திருத்தி எழுத ஆளில்லை. செங்கல் பொடி என்ன செய்யும்?

ஜூலை 2

லேபுக்குப் புது ஆள் வந்திருக்கிறாள். ஆக்னஸ், தூத்துக்குடிக்காரி, முதல் வருடம். கேள்வி கேட்டே உயிரை எடுக்கிறாள். மைனஸ் இருபதில் வைப்பதை ஏன் மைனஸ் எண்பதில் வைக்கவில்லை, இந்த உப்புக்குப் பதில் அந்த உப்பு போட்டால் என்ன ஆகும். வசுந்தரா மேடம் அவளை என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு வழிகாட்டியான மேடத்துக்கு ஒரு வழிகாட்டி தேவைப்படும் போதெல்லாம் நான்தான்.

சாயங்காலம் டீக்கடையில் ஏதோ சொன்னாள், சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போல் கை வாய்க்குப் போனது. "கைய எடுங்கக்கா," என்றாள். "நீங்க சிரிக்கத ஒருநாளாச்சும் பாக்கவேண்டாமா?"

வந்து ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் உரிமை. எடுத்தேன். டீ முடியும்வரை கை வாய்ப்பக்கம் போகவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை, அது ஒன்றுதான் அவளிடம் பிடித்தது.

ஆகஸ்ட் 9

மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. அதுதான் பதில் என்று அம்மாவுக்கு யார் சொல்வது?

செப்டம்பர் 20

இன்றைக்கு எவ்வளவு எழுதினாலும் தகும்.

ஐதராபாத் மாநாட்டுக்கு ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தின் படம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று மேடம் போன வாரம் நெருக்கினார். டியூபுலினைப் பார்த்து எவன் கை தட்டுவான், இருக்கிற தாடைகளிலேயே செய் என்றார். இரண்டு எலிக் கூட்டத்திலிருந்தும் எடுத்து, உறைய வைத்துச் சீவி, சாயம் போட்டேன்.

எனாமல் செல் ஒல்லியாக, நெட்டையாக நிற்கும். அது சாயாமல் நிற்பதற்கும், இடம்விட்டு நகர்வதற்கும், சரக்கை ஒரே முனையில் வெளியே தள்ளுவதற்கும் உள்ளே ஒரு சட்டகம் வேண்டும். சரக்கு போகிற தண்டவாளம் டியூபுலின் என்றால், இழுத்துக் கட்டிய கயிறு ஆக்டின். கயிறு தளர்ந்தால் செல் தடுமாறும், எனாமல் பொத்தல் பொத்தலாக விழும். இதுதான் என் ஊகம், நான்கு வருடமாக. விஷக்காளான் ஒன்றிலிருந்து எடுத்த பொருளில் பச்சைச் சாயம் சேர்த்து விற்கிறார்கள். அது ஆக்டின் கயிற்றில் மட்டும் போய் ஒட்டி, இருட்டில் ஒளிரும்.

சாதாரணத் தண்ணீர் எலியில் பச்சைக் கோடுகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நின்றன. ஃபுளோரைடு எலியில் ஒன்றுமே இல்லை. இருட்டு. அங்கங்கே மங்கலாக ஒன்றிரண்டு துணுக்கு. கயிறு அறுந்து கிடந்தது.

மேடம் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். ஃபுளோரைடு பல்லைக் கெடுக்கும் என்று உலகத்துக்கே தெரியும், எப்படிக் கெடுக்கிறது என்று நீ சொல்லிவிட்டாய் என்றார். என் தோளில் கை வைத்தார். நான்கு வருடத்தில் முதல் தடவை.

வராந்தாவுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, நான் ஒழுங்காத்தான் பல்லு தேச்சேன். உன் தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல. பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே உள்ளாற எல்லாம் அறுந்துபோச்சு. நான் கண்ணால பாத்துட்டேன்."

அவளுக்கு என்ன புரிந்ததோ. பிறகு, "ரத்தம் வர வரத் தேச்சுவுட்டனே கண்ணு," என்று அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்தான், பார்க்கட்டும். இந்த அழுகைக்காக இருபத்தைந்து வருடம் காத்திருந்திருக்கிறேன்.

படத்தின் இடது ஓரத்தில் பட்டை பட்டையாக ஏதோ இருக்கிறது, அதுவும் இருட்டாக. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 14

ஐதராபாத். கை தட்டினார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் எழுந்து வந்து மேடத்திடம் கை குலுக்கினார். மேடம் என்னைக் காட்டினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிரியாணி சுமார்.

அக்டோபர் 30

கட்டுரையை இதழுக்கு அனுப்பியாயிற்று. இது வெளிவந்தால் நான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம், மேடம் துறைத்தலைவர் ஆகலாம். வராவிட்டால் என் உதவித்தொகை மார்ச்சோடு நிற்கும், நான் ஊருக்குப் போய் அத்தைகளுக்கு பஜ்ஜி சுடலாம்.

டிசம்பர் 5

ஆக்னஸ் தொடங்கிவிட்டாள்.

ஃபுளோரைடு தண்ணீரை நிறுத்தினால் அறுந்த கயிறு மீண்டும் கூடுமா என்று பார்ப்பது அவள் வேலை. அதற்கு முதலில் அறுந்ததைக் காட்ட வேண்டும். பக்கத்து லேபில் கடன் வாங்கிய பவுடரில் பதப்படுத்திய அவளுடைய எலிகளில் அறுந்தபாடில்லை. ஃபுளோரைடு குடித்ததிலும் பச்சைக் கோடுகள் ஜம்மென்று நிற்கின்றன. பல் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. இரண்டாம் தடவையும் செய்தாள், அதேதான். தண்ணீரை மாற்றிவிட்டாயா, குப்பியை மாற்றிவிட்டாயா, சாயம் பழசா என்று எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லக்கா, இல்லக்கா என்கிறாள்.

முதல் வருடப் பெண்ணுக்கு தாடையை ஒழுங்காகச் சீவக்கூடத் தெரியாது. கோபப்படவில்லை, பொறுமையாகத்தான் சொன்னேன். கதவு காற்றில் அடித்துக்கொண்டது.

டிசம்பர் 11

மதியம் லேபில் நாங்கள் இருவர்தான். ஆக்னஸ் என் மாநாட்டுப் படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கக் கூடாது. இந்த ஓரத்துல பட்டை பட்டையா இருக்கது தசைதானக்கா?"

தாடைத் தசை என்றேன்.

"தசை முழுக்க ஆக்டின்தான. அதுலயும் பச்சை ஒட்டலையே. ஃபுளோரைடு தசையையும் அறுத்துட்டுன்னா, இந்த எலி எப்படிக்கா மென்னு தின்னுச்சு?"

எனக்குக் காது அடைத்துப்போனது. மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "இந்தக் கூட்டத்த எதுலக்கா போட்டீங்க? மெத்தனால்ல போட்டா கயிறு உருக்கொலஞ்சு போகும், இந்தச் சாயம் ஒட்டாதுல்லா?"

"ஃபார்மால்டிஹைடு. எல்லாத்தையும் போட்ட மாதிரிதான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரிக்கா என்று எழுந்து போனாள்.

நான் பொய் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு முந்தின ஒரு நாளில் என்ன செய்தேன் என்று யாருக்கு நினைவிருக்கும்? பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், அலமாரியில் காலி டப்பா, பக்கத்து லேபில் பூட்டு. அதற்கு நடுவில் எதை எதில் போட்டேன் என்று சத்தியம் செய்யவா முடியும்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

டிசம்பர் 12

தலைவலி. எலிக்கூண்டுகளைக் கழுவ வைத்தேன்.

டிசம்பர் 15

இதழிலிருந்து திருத்தங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் சில்லறை. ஒரு வாக்கியத்தைச் சுருக்கு, ஒரு மேற்கோளைச் சேர், படங்களின் அகலத்தைக் குறை. அகலம் குறைக்கச் சொன்னதால் இடது ஓரத்தை வெட்டினேன். தேவையில்லாத ஓரம். எனாமல் செல்தானே விஷயம், தசைக்கு அங்கே என்ன வேலை? வெட்டியபின் படம் பார்க்க லட்சணமாக இருக்கிறது.

மேடத்திடம் காட்டினேன். அவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். ஓரத்தில் விரலை வைத்தார். அவர் தசையைப் பார்க்காதவர் இல்லை. பல் மருத்துவ மாணவர்களுக்கு இருபது வருடம் அதைத்தான் நடத்தியிருக்கிறார்.

"நான் எதுவும் கேக்கல மாதேஸ்வரி," என்றார். "நீயும் எதுவும் சொல்லாத. அனுப்பிடு."

அனுப்பிவிட்டேன். நல்ல மனுஷி. வேறு யாராவது என்றால் நோண்டி நோண்டிக் கேட்டிருப்பார்கள்.

டிசம்பர் 25

ஆக்னஸ் விடுதிக்கு வந்து கேக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் அம்மா செய்து அனுப்பியதாம். திராட்சை அதிகம். சாப்பிடவில்லை, எறும்பு வந்ததும் தூக்கிப் போட்டேன்.

ஜனவரி 8

ஆக்னஸின் முதலாண்டு மதிப்பீடு. கமிட்டியில் மூன்று பேர், மேடம், மூத்த ஆய்வாளர் என்று நான். ஆக்னஸ் தன் படங்களைப் போட்டாள். ஃபுளோரைடு கூட்டத்திலும் ஆக்டின் அறுபடவில்லை என்று நேராகச் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. மெத்தனால் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவள் நினைத்திருந்தால் அந்த அறையிலேயே என் கதையை முடித்திருக்கலாம், அது எனக்குத் தெரியும்.

அவளை வெளியே அனுப்பிவிட்டு, ஏற்கெனவே மாநாட்டில் காட்டிய முடிவுக்கு இது நேர் எதிராக இருக்கிறதே, இரண்டில் ஏதோ ஒன்று தவறுதானே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார். கூட இருந்து பார்த்தவள் நீதானே, சொல் என்றார்.

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"பொண்ணு நல்ல பொண்ணுதான் சார். ஆனா கை சுத்தம் பத்தாது," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மற்றதை எல்லாம் அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது அந்த வாக்கியத்தை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று நினைவுக்கு வரவில்லை.

ஜனவரி 14

பொங்கல். ஊருக்குப் போகவில்லை, ஆய்வேடு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆறாம் அத்தியாயம், மூன்று வரி.

ஜனவரி 23

ஆக்னஸுக்கு நீட்டிப்பு இல்லை. இன்று தன் பொருள்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கோட்டு, ஒரு டம்ளர், குழந்தை ஏசு படம் ஒன்று. ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை சொல்லியிருக்கிறார்களாம்.

நான் வேறு பக்கம் போயிருக்கலாம். சாவி என்னிடம் இருந்ததால் நிற்க வேண்டியதாயிற்று. உடம்பைப் பார்த்துக்கொள் என்ற மாதிரி ஏதோ சொன்னேன்.

"அக்கா, உங்க ஊரு தண்ணிதான் உங்க பல்லக் கெடுத்துது. அது மாறப்போறதில்ல," என்றாள். "ஆக்டின் அறுந்தாலும் சரி, அறுந்து போகாட்டாலும் சரி, நீங்களும் உங்க அம்மாவும் ஒரு தப்பும் பண்ணல. அதுக்கு அந்தப் படம் உங்களுக்குத் தேவையே இல்லக்கா."

குப்பிகளை எண்ணுகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான் யார்ட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். கமிட்டி அன்னைக்கு நீங்க உள்ள இருக்கும்போதுகூட வெளிய உக்காந்து அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அழுதிருந்தால்கூடத் திட்டியிருப்பேன். இவளுக்கு யார் இவ்வளவு பெரிய மனசைக் கேட்டது? எனக்குப் பத்து வயதிலிருந்து காவிப்பல்லி என்று பெயர். பள்ளிக்கூட நாடகத்தில் பேய் வேஷம் எனக்கு மட்டும் மேக்கப் இல்லாமல் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் எனக்காக ஒருத்தர் வாயைத் திறந்து உண்மை பேசினார்களா? இப்போது நான் மட்டும் எல்லாருக்கும் உண்மை விளம்ப வேண்டுமா?

பவுடர் டப்பா வந்திருக்கிறது. புத்தம் புதுசு, சீல் உடைக்காதது. ஏழு மாதம் கழித்து.

பிப்ரவரி 19

கட்டுரை வெளிவந்துவிட்டது. என் பெயர் முதலில். மேடம் எல்லாருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தார்.

அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். எங்கள் தெருப் பிள்ளைகள் பல் ஏன் இப்படியிருக்கிறது என்று யார் கேட்டாலும், உள்ளே கயிறு அறுந்துபோகிறது, என் மகள் மெஷினில் பார்த்தாள் என்கிறாளாம். போனில் பெருமையாகச் சொன்னாள். அப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே என்று கத்திவிட்டேன். ஏன் கண்ணு, நீதானே சொன்னாய் என்றாள்.

மார்ச் 12

செயற்கைப் பல் துறையில் முதுகலைப் பையன்களுக்குப் பரீட்சைக்கு ஆள் தேவைப்பட்டது. நான் போய் உட்கார்ந்தேன். மேலே ஆறு, கீழே ஆறு. பீங்கானில் மெல்லிசாக ஓடு செய்து ஒட்டிவிடுவார்கள். ஒட்டுவதற்கு முன் எனாமலைக் கொஞ்சம் சீவ வேண்டும்.

வலி இல்லை. சத்தம்தான். முன்பல் எனாமல் நான்கைந்து வயதுக்குள் போட்டு முடித்தது. அந்த வயதில் நான் குடித்த தண்ணீர், எனக்கு வந்த காய்ச்சல் எல்லாம் அதில் கோடு கோடாக இருந்திருக்கும். பையன் தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சிச் சீவினான், குழாய் உறிஞ்சிக்கொண்டு போயிற்று. போகட்டும்.

கண்ணாடி கொடுத்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது, ஃபுளோரைடு கூண்டு எலி மாதிரி. பையன் என் முகத்தையே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அழகாயிருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். உற்று உற்றுப் பார்த்தாள். "நம்ம தப்பு ஒண்ணுமில்லன்னு சொன்னியே கண்ணு. அப்புறம் எதுக்கு மூடுன?"

மரப்பு ஊசி இன்னும் இறங்கவில்லை, பேச வரவில்லை என்று சைகை காட்டி வைத்துவிட்டேன். ஊசி இறங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

ஏப்ரல் 2

ஆக்னஸிடமிருந்து ஒரு வரிச் செய்தி. வாழ்த்துக்கள் அக்கா. கட்டுரையைப் பார்த்திருக்கிறாள் போல. படத்தையும் பார்த்திருப்பாள், எவ்வளவு வெட்டியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? நன்றி என்று அடித்தேன், அழித்தேன், திரும்ப அடித்தேன். கடைசியில் கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பினேன்.

ஏப்ரல் 26

வாய்மொழித் தேர்வு முடிந்தது. நான் இனி டாக்டர் மாதேஸ்வரி.

அம்மா பட்டுப்புடவையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பெங்களூர்க்காரர், வயதானவர், தன்மையாகப் பேசினார். ஒரே ஒரு கேள்விதான் எனக்குச் சிக்கலாக இருந்திருக்கலாம். இரண்டு கூட்டத்துத் தாடைகளையும் ஒரே முறையில்தானே பதப்படுத்தினீர்கள் என்று கேட்டார். ஆமாம் சார், ஃபார்மால்டிஹைடு என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவர் தலையசைத்துப் பக்கத்தைத் திருப்பினார். மேடம் தண்ணீர் குடித்தார்.

"இந்த மாவட்டங்கள்ல லட்சக்கணக்கான குழந்தைங்க இந்தப் பல்லோட வளருதுங்க," என்று முடிக்கும்போது சொன்னார். "அவங்களுக்கு மருந்து தேடறவங்க இனி உங்க படத்துலேர்ந்துதாம்மா தொடங்குவாங்க." எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா எழுந்து நின்று தட்டினாள்.

பிறகு புகைப்படம். நடுவில் நான், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மேடம். சிரிங்க என்றார் புகைப்படக்காரர். சிரித்தேன். அவர் கேமராவை இறக்கினார்.

"மேடம், கைய எடுங்க."

அப்போதுதான் பார்த்தேன், கை வாயில் இருந்தது. இவ்வளவு வெள்ளையான பல்லை எதற்கு மூடுகிறேன் என்று எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கையைக் கீழே போட்டேன். அவர் மறுபடி கேமராவைத் தூக்கினார், மறுபடி இறக்கினார். கை திரும்பப் போயிருந்தது. பழக்கதோஷம், வேறொன்றுமில்லை.

மூன்றாவது தடவை வசுந்தரா மேடமே என் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, விடாமல் இறுக்கி வைத்துக்கொண்டார். படத்தில் நாங்கள் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு நிற்பது போல விழுந்திருக்கிறது.